எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு பசி, ஆசை, திரும்ப ஏறும் எடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. ஆபரேஷனுக்கு முன்னால் வருபவர்கள் கேட்பது வேறு; ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து வருபவர்கள் கேட்பது வேறு. இரண்டாவது வகைக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுபவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கொடுத்திருக்கிறேன்.

'ஸ்லீவ்' என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, மீதியை வாழைப்பழம் போல ஒடுங்கிய குழாயாக விடுவது. 'பைபாஸ்' என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. இரண்டில் உங்களுக்கு எது செய்தார்கள் என்று தெரியாவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சில பதில்கள் அதைப் பொறுத்து மாறும்.

ஆபரேஷன் பண்ணா பசியே எடுக்காதுன்னு சொன்னாங்க மேடம். ஒரு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஏன் பசிக்குது?

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல் உச்சிப் பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் முதல் சில மாதங்கள் பசி ஏறக்குறைய மறந்தே போகும். சாப்பிட்டதும் குடலில் சுரந்து 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்களும் ஸ்லீவ், பைபாஸ் இரண்டிலும் கூடுகின்றன. அந்த மாதங்களில் உணவைப் பார்த்தாலே விலகிப் போனவர்கள் உண்டு.

அது நிரந்தரம் என்று யாராவது சொல்லியிருந்தால் சொன்னது தவறு. எடை வேகமாக இறங்கும்போது உடல் தன் செலவைக் குறைத்துக்கொண்டு, பசியைக் கூட்டிப் பழைய எடைக்கு இழுக்கப் பார்க்கும். தையல் வீக்கம் வடிந்தபின் கொள்ளளவும் கொஞ்சம் கூடும். மூன்றாம் மாதம் அரை இட்லியில் நிறைந்தவருக்குப் பதினெட்டாம் மாதம் இரண்டு இட்லி வேண்டியிருப்பது இயல்பு. பசி திரும்பியதற்காக ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

வயிறு மறுபடியும் பெருசாயிடுச்சோன்னு பயமா இருக்கு. எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒரு கல்யாண விருந்தில் கூடுதலாகச் சாப்பிட்டதால் வயிறு விரிந்துவிடாது. வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஒரு நாள் மதியம் குழம்பு, ரசம், தண்ணீர் எதுவும் சேர்க்காமல் கெட்டியான உணவு மட்டும் சாப்பிடுங்கள்: வறுத்த மீன், சிக்கன், பனீர் அல்லது சுண்டல். நன்றாக மென்று, 20 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கிண்ணம் அளவிலேயே நிறைந்து, இரண்டு மூன்று மணி நேரம் தாங்கினால் உங்கள் வயிறு பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை ஐந்தாவது கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

கெட்டி உணவே முன்பைவிட இரண்டு மூன்று மடங்கு போகிறது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது என்றால் சர்ஜனிடம் சொல்லுங்கள். ஸ்லீவ் குழாய் அகன்றிருக்கலாம். பைபாஸில் பையும் குடலும் சேரும் வாய் பெரிதாகியிருக்கலாம். அரிதாகச் சிலருக்கு, பிரித்துவிட்ட இரைப்பைக்கும் பைக்கும் இடையே மறுபடி வழி ஏற்பட்டிருக்கலாம். எண்டோஸ்கோப்பியிலோ, மருந்து குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்-ரேயிலோ தெரிந்துவிடும்.

எவ்ளோ ஏறினா பயப்படணும்? எனக்கு நாலு கிலோ ஏறிடுச்சு.

பெரும்பாலோருக்கு எடை மிகக் குறைவாக இருப்பது ஆபரேஷன் முடிந்து ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள். அதன்பின் கொஞ்சம் ஏறுவதுதான் வழக்கம். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக நின்றது. 120 கிலோ இருந்தவர் 82 வரை இறங்கி, பத்து வருடத்தில் 90-க்கு வருவது போல. இதைத் தோல்வி என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

நான் பார்ப்பது ஏறும் வேகத்தை. உங்கள் மிகக் குறைந்த எடையை எழுதி வையுங்கள். சில மாதங்களுக்குள் அதிலிருந்து 5 கிலோ ஏறினால் வந்து பாருங்கள். நாலு கிலோ என்பது சரிசெய்ய எளிதான கட்டம், பயப்படும் கட்டமில்லை. வாரம் ஒரு நாள், ஒரே மெஷினில், காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்ட மறுநாளும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் காட்டுவது தண்ணீர்தான். தினமும் மெஷினில் ஏறி இறங்கினால் மனசுதான் கெடும்.

எனக்கு வர்றது பசியா, வெறும் ஆசையான்னே புரியல.

அவித்த முட்டையோ, உப்பு மட்டும் போட்ட சுண்டலோ இப்போது கொடுத்தால் சாப்பிடுவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 'சாப்பிடுவேன்' என்றால் பசி, சாப்பிடுங்கள். 'அது வேண்டாம், காரமாக மொறுமொறுவென்று ஏதாவது' என்றால் ஆசை. பசி மெல்ல மெல்ல ஏறும். ஆசை சட்டென்று வரும். பெரும்பாலும் நேரம் பார்த்து வரும். சாயங்காலம் நாலு மணி, ஆபீஸ் விட்டு வந்த பத்து நிமிடம், வீட்டில் வாக்குவாதம் முடிந்தபின். ஒரு வாரம் நேரத்தை மட்டும் குறித்து வைத்தாலே உங்களுடையது எப்போது வருகிறது என்று தெரியும். அந்த நேரத்துக்கு அரை மணி முன்னால் புரதம் உள்ள சிற்றுண்டி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டால் ஆசையின் பலம் நிறையவே குறையும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பலர் பசி என்று நினைத்தே எடை ஏற்றிக்கொள்கிறார்கள். நெஞ்சுக்குழிக்குக் கீழே காந்தல், பிசைவது போன்ற உணர்வு. இரண்டு பிஸ்கட்டோ அரை டம்ளர் பாலோ போனால் அடங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் திரும்ப வரும். இது அமிலத்தின் வேலை. ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலே ஏறுவது அதிகம். பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பு வாயில் புண் வரலாம். புகைபிடிப்பவர்களுக்கும், மூட்டுவலி, தலைவலி என்று வலி மாத்திரையை அடிக்கடி போடுபவர்களுக்கும் கூடுதல் ஆபத்து. பிஸ்கட்டால் அடக்கிக்கொண்டே போகாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சரியான மருந்து தொடங்கியதும் 'பசி' போய்விட்டதாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சிக்கன் ரெண்டு துண்டுக்கு மேல இறங்க மாட்டேங்குது. ஆனா மிக்ஸர், ரஸ்க், முறுக்குன்னா எவ்ளோ வேணா போகுது. எப்படி?

எடை திரும்ப ஏறுவதில் பெரும்பங்கு இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. சிக்கன், முட்டை, பயறு எல்லாம் சிறுத்த வயிற்றில் தங்கி, இடத்தை அடைத்து, மெதுவாக நகரும். மிக்ஸர், ரஸ்க், முறுக்கு, கேக், ஐஸ்கிரீம், பாயசம் எல்லாம் வாயிலேயே கூழாகி, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிற்றுக்கு நிறைந்ததாகவே தெரியாது. டீயில் தோய்த்த ரஸ்க்கும் குழையப் பிசைந்த ரசம் சாதமும் அப்படியே. 100 கிராம் மிக்ஸரில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். டிவி முன்னால் உட்கார்ந்தால் அது தெரியாமலே போகும்.

நான் பார்க்கும் உணவு நோட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு பக்கம் இப்படி இருக்கும். காலை ஒரு இட்லி. பதினொன்றுக்கு டீ, இரண்டு பிஸ்கட். மதியம் மூன்று ஸ்பூன் ரசம் சாதம், ஒரு அப்பளம். நாலு மணிக்கு டீ, ஒரு கைப்பிடி மிக்ஸர். ஆறு மணிக்கு பேரன் மிச்சம் வைத்த சிப்ஸ். ராத்திரி ஒரு தோசை, பால். எழுதியவர் 'நான் எதுவுமே சாப்பிடறதில்ல மேடம்' என்பார். பொய் சொல்லவில்லை, மூன்று வேளைச் சாப்பாடு நிஜமாகவே குருவி தின்னும் அளவுதான். எடை ஏறுவது இடையில் உள்ளவற்றால். டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அது மட்டுமே சுமார் 40 கலோரி. நாலைந்து டீக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய மூன்று பழக்கம். ஒன்று, தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் இடம் இருந்தால் சாதம். இரண்டாவது, சாப்பிடும்போது குடிக்காமல் இருப்பது. முடித்து அரை மணி கழித்துத்தான் தண்ணீர், மோர் எல்லாம். சாப்பாட்டோடு குடித்தால் இன்னும் கொஞ்சம் இறங்க இடமாகிவிடும். மூன்றாவது, சிக்கன் இறங்கவில்லை என்று அதை விட்டுவிடாமல் மென்மையாகச் சமைப்பது: கொத்துக்கறி, மீன், முட்டைப் பொடிமாஸ், பருப்பு உசிலி. விக்குவது பெரும்பாலும் காய்ந்த நெஞ்சுக்கறித் துண்டைப் பெரிதாக விழுங்குவதால்தான்.

ஐஸ்கட்டி மென்னுட்டே இருக்கணும் போல இருக்கு. சில நாள் பச்சரிசியும் அள்ளி வாயில போட்டுக்கிறேன். இதுவும் ஆசைதானா?

இதை ஆசைக் கணக்கில் விடாதீர்கள். ஐஸ், பச்சரிசி, சாக்பீஸ், விபூதி, மண் என்று தேடுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். பைபாஸில் இரும்பு அதிகம் உறிஞ்சப்படும் சிறுகுடலின் முதல் பகுதியை உணவு தொடுவதே இல்லை. ஸ்லீவிலும் அமிலம் குறைவதால் உறிஞ்சுவது குறையும். மாதவிலக்கு இருக்கும் பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் குறையும். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதோடு போடுகிறீர்கள் என்று. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு ஏறாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபியும் தடுக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் உதவும். அதற்கும் ஏறாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சத்து ஏறிய சில வாரங்களில் ஐஸ் தேடுவது தானாக நின்றுபோகும்.

ஸ்வீட் சாப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல கை நடுங்கி வேர்த்துக் கொட்டுது. மறுபடி ஸ்வீட் சாப்பிட்டாத்தான் அடங்குது.

சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் இறங்குகிறது. ரத்தத்தில் சட்டென்று ஏறுகிறது. உடல் தேவைக்கு மேல் இன்சுலினைக் கொட்டுகிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை கீழே விழுகிறது. பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரும். விழுந்த சர்க்கரை அகோரப் பசியைக் கிளப்பும், நீங்கள் மறுபடி இனிப்பைத் தேடுவீர்கள், சுற்று மறுபடி தொடங்கும். உங்கள் மனக்கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நடுங்கும்போது முடிந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். சரியானதும் முட்டையோ பாலோ கடலையோ சாப்பிடுங்கள். அதைச் சாப்பிடாவிட்டால் மறுபடி விழும். வராமல் தடுக்க, வெறும் வயிற்றில் இனிப்பு, ஜூஸ், கூழ், கஞ்சி வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்னும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், மயங்கி விழுந்தவர்களும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம்.

நாங்க சுத்த சைவம். நீங்க சொல்ற புரோட்டீனுக்கு எங்க போறது?

ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இட்லி, தோசை, சாதத்தை மட்டும் நம்பினால் முடியாது. ஒரு இட்லியில் 2 கிராம்தான். 100 கிராம் பனீரில் சுமார் 18, ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7, வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 முதல் 9 கிராம் கிடைக்கும். சோயா உருண்டை உலர்ந்த எடையில் பாதிக்குப் பாதி புரதம்; 30 கிராம் ஊறவைத்துக் குருமாவில் போட்டால் 15 கிராம் வந்துவிடும். தயிரை நீர்மோராக்காமல் கெட்டியாகவே சாப்பிடுங்கள். மீதிக்குப் புரோட்டீன் பவுடர். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசேஷத்துக்குப் போனா 'இவ்ளோ இளைச்சுட்டியே, ஒரு வாய்தானே'ன்னு தட்டுல வெச்சுடறாங்க.

பந்தியில் கடைசி இடத்தில் உட்காராதீர்கள், முதலில் ஒரு வடையையோ பொரியலையோ மெல்ல ஆரம்பியுங்கள், இலையில் எதையாவது விட்டு வையுங்கள். காலி இலையைப் பார்த்தால்தான் பரிமாறுபவர் கை நீளும். பிடித்த இனிப்பில் இரண்டு ஸ்பூன் ருசித்துச் சாப்பிடுவதில் தவறில்லை (ஏழாவது கேள்வியில் சொன்ன நடுக்கம் வராதவர்களுக்கு). எடை ஏற்றுவது விசேஷ நாளைவிட, விசேஷத்திலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் டப்பாவில் இருக்கும் பலகாரம்தான். தீபாவளிக்கு வந்ததை மறுநாளே பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

முன்னாடி மூணு பெக் அடிச்சாலும் தெரியாது. இப்ப ஒண்ணுலயே ஏறுது. அதனால கம்மியாத்தானே குடிக்கிறேன்?

பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் கலக்கும். ஸ்லீவிலும் இது நடக்கலாம். சீக்கிரம் ஏறுவதே பழக்கத்தைப் பிடிக்க வைக்கும். அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், குடிநோய் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம் பேருக்கு இருந்தது. இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகக் கூடியிருந்தது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனபின் வேறு ஒன்றைத் தேடுவது மனித இயல்பு. சைட் டிஷ் என்ற பெயரில் உள்ளே போவது தனிக் கணக்கு. முதல் வருடம் முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். தினமும் வேண்டும் என்ற நிலை வந்திருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

வேற வியாதிக்குப் போடற மாத்திரையால எடை ஏறுமா?

ஏறும். சர்க்கரை நோய்க்கான இன்சுலின், கிளிமிபிரைடு, பிறகு ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநல மருந்துகளில் ஓலன்சபின், மிர்டசபின் ஆகியவை அப்படிப்பட்டவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். தைராய்டையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இப்ப ஒரு ஊசி வந்திருக்காமே, அதைப் போட்டுக்கலாமா?

செமாக்ளூடைடு, டிர்ஸெபடைடு இரண்டும் எடைக்கான ஊசியாக 2025-ல் இந்தியாவுக்கு வந்தபின் இந்தக் கேள்வி வராத நாளில்லை. போடலாம், திரும்ப ஏறிய எடைக்கு மருத்துவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராக்ளூடைடை, ஆபரேஷன் செய்தும் போதிய அளவு இறங்காதவர்களுக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்த லண்டன் ஆய்வில் சராசரியாக 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கியது.

ஆனால் உங்கள் வயிறு ஏற்கனவே சிறியது. ஊசியால் குமட்டலும் வந்து சாப்பாடும் குறைந்தால் முதலில் போவது தசையும் சத்துகளும்தான். வாந்தி நாள் கணக்கில் தொடர்ந்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கலாம். காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். தோழி போடும் டோஸைப் பார்த்து நீங்களும் வாங்கிப் போடாதீர்கள். நிறுத்தினால் பசி திரும்பும் என்பதால், எத்தனை காலம் செலவைத் தாங்க முடியும் என்பதையும் தொடங்கும் முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

மறுபடி ஆபரேஷன் பண்ணிடலாமா?

இரண்டாவது கேள்வியில் சொன்னது போல அமைப்பில் கோளாறு இருந்தாலோ, ஸ்லீவுக்குப் பின் அமிலத் தொல்லை தீராமல் இருந்தாலோ அதற்கு இடமுண்டு. ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது அதிகம் நடக்கிறது. பைபாஸின் அகன்ற வாயை எண்டோஸ்கோப்பி வழியாகவே தைத்துச் சுருக்கவும் முடியும். இரண்டாவது ஆபரேஷனில் சிக்கல்களின் வாய்ப்பு முதலாவதைவிட அதிகம், இறங்கும் எடை பொதுவாகக் குறைவு. ஐந்தாவது கேள்வியின் மிக்ஸர், புதிதாகத் தைத்த வயிற்றிலும் அதே மாதிரிதான் வழுக்கிப் போகும்.

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் எழுந்து போய் சாப்பிடறேன். யாருக்கும் தெரியாது. நிறுத்த முடியல.

இதைச் சொல்லும்போது பலர் அழுதுவிடுகிறார்கள். நிறுத்த முடியாமல் சாப்பிடுவதும், தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வரும் என்பதும் மருத்துவத்தில் பெயருள்ள, சிகிச்சையுள்ள பிரச்சினைகள். ஆபரேஷன் வயிற்றில்தான் நடந்தது. பல வருடத் துக்கமும் தனிமையும் அப்படியே இருக்கின்றன. முதலில் பகலில் போதுமான அளவு சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். பகலில் கிள்ளிச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி அடங்காமல் போவது மிகவும் சகஜம். அது சரியாக இருந்தும் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போங்கள். கணவரிடமோ அம்மாவிடமோ யாராவது ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

பன்னெண்டு கிலோ ஏறிடுச்சு. மூணு வருஷமா ஃபாலோ-அப்புக்கே போகல. இப்ப டாக்டர் முகத்துல எப்படி முழிக்கிறது?

எடை ஏறியவர்கள்தான் வரவேண்டும், அவர்கள்தான் வருவதில்லை. அஞ்சு கிலோவில் வந்திருந்தால் டீ, மிக்ஸரை மாற்றியே சரிசெய்திருக்கலாம், இருபது கிலோவில் வரும்போது ஊசியும் எண்டோஸ்கோப்பியும் பேச வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு இடைப்பட்ட நிலை, நிறையச் செய்யலாம். மூன்று வருடம் ரத்தப் பரிசோதனையே இல்லாமல் இருந்திருப்பது எனக்கு எடையைவிட அதிகக் கவலை.

வரும்போது ஒரு வார உணவு நோட்டு, போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கொண்டு வாருங்கள். நோட்டில் எதையும் மறைக்க வேண்டாம். பேரன் தட்டில் எடுத்த சிப்ஸையும் எழுதுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றை எடுக்கச் சொல்வார்கள். முன்கூட்டியே எடுத்து வந்தால் ஒரு நடை மிச்சம். சர்ஜனைப் பார்க்கத் தயக்கமாக இருந்தால், முதலில் டயட்டீஷியனை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லியே டோக்கன் போட்டுக்கொள்ளலாம்.